முதலாவதா, இரண்டாவதா

ஹம்மர்ஃபெஸ்டில் நவம்பரில் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் திரும்பும்.
அதுவரை என் கடையின் பரிசோதனை அறை
ஊரைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருட்டு.

குன்வோர் உடைந்த கண்ணாடியோடு வந்தாள், மூன்றாம் முறை.
கூடவே அவன்.
"பனியில் வழுக்கிவிட்டாள்" என்றான்,
அவள் வாய் திறக்குமுன்.
ஊரில் நல்ல பெயர் அவனுக்கு.
நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
கேட்காமலே என் வாசலையும் வழித்துவிட்டுப் போகிறவன்.

இருபத்தாறு வருடமாகச் சட்டங்களை நிமிர்த்துகிறேன்.
குப்புற விழுந்தால் மூக்குத்தண்டு நசுங்கும்.
இதில் இடக்காதுப் பக்கம்
கீல் பிடுங்கிக்கொண்டு நின்றது.
பனிக்கு வலக்கை கிடையாது.

போன மார்ச்சில் இதே அறையில் சொன்னேன்:
"விட்டுவிட்டு வா. இன்றைக்கே."
அக்கறையாகத்தான், ஆனால் கதவை உடைக்கிறவளைப்போல.
சிரித்தாள். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
ஒன்பது மாதம் வரவில்லை.
அந்த ஒன்பது மாதத்தில் ஒரு பங்கு என்னுடையது.

இடையில் ஒரு பிற்பகல், நூலகத்தின் மேல்மாடி.
பல் மருத்துவர், முடிதிருத்துகிற பெண், வங்கிக்காரர், நான்.
அடைக்கல இல்லத்திலிருந்து வந்த ஓட்டில்யே
ஆறிப்போன காபியைக் குடித்தபடி சொன்னாள்:
"நீங்கள் யாரையும் காப்பாற்றப் போவதில்லை.
அந்த வேலையை அவள் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறாள்.
தனியாக இருக்கும்போது கேளுங்கள்.
கேட்டபின் வாயை மூடுங்கள்.
அந்த மௌனத்தில் எதையும் போட்டு நிரப்பாதீர்கள்."
வங்கிக்காரர் குறித்துக்கொண்டார்.
எனக்கு முகம் சுட்டது.

"உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, புதுவிதி" என்றேன் அவனிடம்.
அந்த விதிக்கு அப்போது வயது அரை நிமிடம்.

கதவுக்கு அப்பால் பூட்ஸைத் தட்டுகிறான்.
வில்லையை மாற்றினேன்.
"முதலாவது தெளிவா, இரண்டாவதா?"
"இரண்டாவது."
"இப்போது?"
"முதலாவது."
குரலை மாற்றாமல், கையையும் நிறுத்தாமல் கேட்டேன்:
"வீட்டில் பயமாக இருக்கிறதா, இல்லையா?"

எதையாவது சொல்ல
எவ்வளவு துடித்தது நாக்கு.
சுவர் ஹீட்டர் ஒருமுறை டிக் என்றது.
அவள் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
யாராலும் படிக்கமுடியாத அந்த வரியை.

"முதலாவது" என்றாள்.

"நம்புகிறேன். என்ன வேண்டும் உனக்கு?"
"இப்போதைக்குக் கண்ணாடி."
சரி என்றேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

அட்டை எதுவும் கொடுக்கவில்லை.
கைப்பையை அவன் தினமும் மேசைமேல் கவிழ்த்துப் பார்க்கிறானாம்.
திரையில் எழுத்துகளை எடுத்துவிட்டு
அடைக்கல இல்லத்தின் எட்டு இலக்கங்களை ஏற்றினேன்,
மேலே பெரிதாக, கீழே வரவரப் பொடியாக.
வாய்விட்டு வாசித்தாள்.
இடக்கண்ணை மூடி ஒருமுறை,
வலக்கண்ணை மூடி ஒருமுறை,
இரண்டையும் திறந்து இன்னொரு முறை.
வெளியே அவனுக்குக் கேட்டிருக்கும்:
மனைவி பொறுமையாக எண் படிக்கிறாள்.

அவள் சரி என்றதை மட்டும் பதிவில் எழுதினேன்,
அவள் வார்த்தைகளில், தேதி போட்டு.
நினைவூட்டும் குறுஞ்செய்தி
அவன் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது; நிறுத்தினேன்.
மாற்றுக் கண்ணாடி ஒன்று என் இழுப்பறையில் இருக்கிறது.
அதுவும் அவள் கேட்டதுதான்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள்.
அவனோடுதான்.
வாசலில் பனி வழித்திருந்தது.
நன்றி சொன்னேன்;
சொல்லாவிட்டால் அவளுக்குத்தான் ஆபத்து.

உள்ளே, திரையில் வழக்கமான எழுத்துகள்.
"படி" என்றேன்.
கண்களை மூடிக்கொண்டாள்.
எட்டு இலக்கங்களையும் வரிசையாகச் சொன்னாள்,
கடைசி இரண்டைக் கொஞ்சம் அவசரமாக.

அறிக்கையில் எழுதினேன்:
தூரப்பார்வை, நன்று.